12 ஏக்கரும் 1,524 பக்கங்களும்

டொரன்டோ என்றதும் தமிழர்களுக்கு ஸ்கார்பரோதான் ஞாபகம் வரும். அங்கிருந்து நகர மையத்தை நோக்கிப் போனால் ஒன்ராறியோ ஏரிக்கரையில் பழைய சோயா ஆலை ஒன்றின் கான்கிரீட் குதிர்கள் நெடுநெடுவென்று நிற்கும். அவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் நிலத்தின் பெயர் கீசைடு. மொத்தமே 12 ஏக்கர். துறைமுகத் தொழில்கள் ஓய்ந்த பிறகு பெரும்பாலும் சும்மா கிடந்த பூமி. ஆனால் 2017 முதல் 2020 வரை, ஸ்மார்ட் சிட்டி பற்றி உலகில் எங்கே பேச்சு எழுந்தாலும் இந்த 12 ஏக்கரில் வந்துதான் நின்றது.

அதைக் கட்ட வந்தவர்கள் கூகுள் குடும்பத்தார் என்பதுதான் காரணம்.

2017 அக்டோபர் 17 அன்று டொரன்டோவில் ஒரு விழா. கனடா பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, ஒன்ராறியோ மாகாண முதல்வர் கேத்லீன் வின், நகர மேயர் ஜான் டோரி மூவரும் வந்திருந்தார்கள். கூடவே கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் செயல் தலைவர் எரிக் ஷ்மிட். ஒரு நகரத்தை எங்கள் கையில் கொடுத்துப் பொறுப்பையும் ஒப்படைத்தால் என்னென்ன செய்யலாம் என்று நாங்கள் நெடுநாளாகப் பேசிக்கொண்டிருந்தோம் என்கிற பொருளில் அவர் அன்று பேசினார். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனாலும் எதிர்ப்பாளர்கள் அடுத்த இரண்டரை ஆண்டுகளுக்கு அந்தப் பேச்சை யாரையும் மறக்க விடவில்லை.

நிலம் பெரும்பாலும் அரசுடையது. மத்திய அரசு, மாகாண அரசு, மாநகராட்சி மூன்றும் சேர்ந்து 2001-இல் உருவாக்கிய 'வாட்டர்ஃபிரன்ட் டொரன்டோ' என்ற அமைப்பு ஏரிக்கரை மேம்பாட்டைக் கவனித்துவந்தது. கீசைடுக்குப் 'புதுமை மற்றும் நிதிப் பங்காளி' ஒருவரைத் தேடி 2017 மார்ச்சில் அது அழைப்பு விடுத்தது. வென்றது ஆல்ஃபபெட்டின் துணை நிறுவனமான சைட்வாக் லேப்ஸ். 2015-இல் தொடங்கப்பட்ட நிறுவனம். அதன் தலைவர் டான் டாக்டராஃப், மைக்கேல் ப்ளூம்பெர்க் நியூயார்க் மேயராக இருந்தபோது துணை மேயராகப் பணியாற்றியவர். திட்டம் தீட்டும் கட்டத்துக்கு மட்டும் 5 கோடி அமெரிக்க டாலர் செலவழிக்க நிறுவனம் முன்வந்தது.

அவர்கள் காட்டிய கனவு சாதாரணமானதல்ல. கட்டடங்கள் மரத்தால் ஆனவை. சிமென்ட் உற்பத்தியால் வரும் கரியமில வாயுவைக் குறைக்க இந்த ஏற்பாடு. நடைபாதைகள் அறுகோணப் பாளங்களால் ஆனவை. கீழே குழாய் பழுதானால் தெருவைக் குடைய வேண்டாம், ஒரு பாளத்தைத் தூக்கி வேலையை முடித்துத் திரும்ப வைத்துவிடலாம். பனி உறையாமல் இருக்க அந்தப் பாளங்களுக்குள்ளேயே சூடேற்றும் வசதி. மழை வந்தால் கட்டடத்திலிருந்து விரிந்து நடைபாதையை மூடும் ஒளிபுகும் மேலுறை. சரக்குகளும் குப்பையும் நிலத்தடிச் சுரங்கப் பாதையில் போகும். தெருவில் லாரி நிற்காது. வீடுகளில் 40 சதவீதம் சந்தை விலைக்குக் குறைவானவை. லேக்‌ஷோர் சாலையில் மீன் பதனிடும் கூடமாக இருந்த ஒரு கட்டடத்தை நீல நிறமடித்துக் காட்சிக்கூடமாக மாற்றினார்கள். அறுகோணப் பாளங்களின் மேல் நடந்து பார்க்கவும், மேலுறையின் மாதிரியைத் தொட்டுப் பார்க்கவும் பொதுமக்கள் அங்கே அழைக்கப்பட்டார்கள்.

வீட்டு வாடகை கழுத்தை நெரிக்கும் ஊரில் இதையெல்லாம் கேட்டவர்களுக்கு ஆசை வந்ததில் வியப்பில்லை. வணிக அமைப்புகள் ஆதரித்தன. நகரவியல் அறிஞர்கள் சிலரும் ஆதரித்தார்கள். திட்டத்தை எதிர்த்தவர்களில்கூட மரக்கட்டடத்தையோ சூடான நடைபாதையையோ பழித்தவர்கள் குறைவு. தகராறு வேறு இடத்தில் கிளம்பியது.

ஒரு நாற்சந்தியை எடுத்துக்கொள்வோம். வழக்கமான சிக்னலுக்குக் கண் கிடையாது. இத்தனை நொடி சிவப்பு, இத்தனை நொடி பச்சை என்று வைத்த கணக்கில் ஓடும். கைத்தடியோடு ஒரு மூதாட்டி பாதிச் சாலையைக் கடந்திருக்கும்போதே பச்சை விழுந்துவிடும். கம்பத்தில் ஒரு கேமராவும் கணினியும் பொருத்தினால், யாரோ மெதுவாகக் கடக்கிறார் என்று கண்டுபிடித்துக் கூடுதலாகச் சில நொடி கொடுக்கலாம். நல்ல வசதி. ஆனால் அந்தக் கேமரா பார்த்த படம் எங்கே போகிறது? 'ஓர் ஆள், மெதுவான நடை' என்ற தகவலை மட்டும் எடுத்துக்கொண்டு படத்தைக் கம்பத்திலேயே அழித்துவிட முடியும். இன்னொரு வழி, படத்தை அப்படியே எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்பிவிட்டு முகத்தை அங்கே மறைப்பது. இரண்டிலும் சிக்னல் ஒரே மாதிரிதான் இயங்கும். தெருவில் நடப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. முதல் வழியில் அவர் வந்துபோன தடம் எவரிடமும் இருக்காது. இரண்டாவது வழியில் அது யாரோ ஒருவரின் நாணயத்தை நம்பிக் கிடக்கும்.

இந்த வித்தியாசத்துக்காகத்தான் ஆன் கவூக்கியன் வெளியேறினார். ஒன்ராறியோவின் தகவல் மற்றும் தனியுரிமை ஆணையராக 1997 முதல் 2014 வரை இருந்தவர்; எந்தத் தொழில்நுட்பமானாலும் அதை வடிவமைக்கும்போதே அந்தரங்கப் பாதுகாப்பையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்ற கொள்கையை உலகெங்கும் கொண்டுபோனவர். சைட்வாக் லேப்ஸ் அவரையே ஆலோசகராக அமர்த்தியிருந்தது. தகவல் சேகரிக்கப்படும் இடத்திலேயே அடையாளம் நீக்கப்பட வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. நாங்கள் செய்வோம், ஆனால் இங்கே வந்து கருவிகள் பொருத்தும் மற்ற நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த எங்களால் முடியாது என்று பதில் வந்தது. 2018 அக்டோபரில் அவர் விலகினார். அதே மாதத்தில் சாதியா முஸஃபர் என்ற தொழில்நுட்பவியலாளரும் வாட்டர்ஃபிரன்ட் டொரன்டோவின் டிஜிட்டல் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார். மக்கள் எழுப்பிய கேள்விகள் எதற்கும் நேரான பதில் இல்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு.

நியாயமாகச் சொன்னால், தனிநபர் தகவலை விற்க மாட்டோம், விளம்பரத்துக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று நிறுவனம் திரும்பத் திரும்ப உறுதி கூறியது. பொதுவெளியில் திரட்டப்படும் தகவலை மேற்பார்வையிடத் தனி அறக்கட்டளை ஒன்றை அமைக்கலாம் என்றும் யோசனை சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அறக்கட்டளையின் வரைவைத் தயாரித்ததும் அதே நிறுவனம்தான். பொதுவெளித் தகவலுக்கான சட்டம் கனடாவில் தெளிவாக இல்லாத நேரம் அது. நகரம் முதலில் தன் விதிகளை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். டொரன்டோ செய்ததோ, வீடு கட்ட வந்த மேஸ்திரியிடமே பத்திரத்தையும் எழுதித் தரச் சொன்ன கதை. இந்த விவகாரம் முழுவதையும் இந்த ஒரு பிசகிலிருந்து புரிந்துகொண்டுவிடலாம்.

இதை ஆரம்பத்திலிருந்தே விடாமல் சொன்னவர் பியாங்கா வைலி. தொழில்நுட்பத் துறையிலிருந்து வந்த மக்கள் ஆர்வலர். கருத்துக்கேட்புக் கூட்டங்களில் மக்களிடம் 'எந்த மாதிரி பூங்கா வேண்டும்' என்று கேட்கிறார்கள், 'இந்த நிறுவனம் வேண்டுமா' என்று கேட்கவில்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம். பிளாக்பெர்ரி போனைத் தயாரித்த நிறுவனத்தின் முன்னாள் இணைத் தலைவர் ஜிம் பால்சிலி இன்னும் காட்டமாக எழுதினார். இது மக்களைக் கண்காணித்துக் காசாக்கும் முதலாளித்துவத்தின் காலனியாதிக்கப் பரிசோதனை என்றார். அவருடைய கவலையில் அந்தரங்கம் பாதி, வியாபாரம் பாதி. கனடாவின் தெருவில் கனடா மக்களின் நடமாட்டத்தை வைத்து உருவாகும் மென்பொருளும் காப்புரிமையும் அமெரிக்கக் கம்பெனிக்குச் சொந்தமானால் நாளை அதையே நாம் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னதை இந்தியாவிலும் காது கொடுத்துக் கேட்கலாம்.

2018 டிசம்பரில் இன்னொரு அடி. ஒன்ராறியோவின் தலைமைத் தணிக்கையாளர் பானி லிசிக் தன் அறிக்கையில் வாட்டர்ஃபிரன்ட் டொரன்டோவைக் கடுமையாகச் சாடினார். இவ்வளவு சிக்கலான திட்டத்துக்கு விண்ணப்பிக்கக் கொடுத்த அவகாசம் ஆறே வாரம். அழைப்பு வெளியாகும் முன்பே சைட்வாக் லேப்ஸுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலான தகவல் கிடைத்திருந்தது. எல்லாவற்றையும் விட ருசிகரமான விஷயம், ஒப்பந்தத்தைப் படித்து ஒப்புதல் தர இயக்குநர் குழுவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வார இறுதி. வெள்ளிக்கிழமை தாள் வந்தது, திங்கட்கிழமை ஒப்புதல், செவ்வாய்க்கிழமை பிரதமர் விழா. அந்த முதல் ஒப்பந்தமோ 2018 ஜூலை இறுதிவரை மக்கள் கண்ணில் படவே இல்லை. அந்த டிசம்பரிலேயே மாகாண அரசு தன் சார்பில் நியமித்திருந்த மூன்று இயக்குநர்களை நீக்கியது.

2019 பிப்ரவரியில் 'டொரன்டோ ஸ்டார்' நாளிதழ் நிறுவனத்தின் உள் ஆவணங்களை வெளியிட்டபோது பேச்சின் திசையே மாறியது. அதுவரை கேமரா, சென்சார், அந்தரங்கம் என்று பேசியவர்கள் பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். 12 ஏக்கர் வெறும் ஆரம்பம். அடுத்துள்ள பரந்த துறைமுக நிலங்கள் வரை திட்டத்தை விரிவாக்குவதே நோக்கம் என்று தெரிந்தது. டிராம் பாதை உள்ளிட்ட வசதிகளுக்கு நிறுவனம் பணம் போடும். அதற்குப் பதிலாக எதிர்காலச் சொத்து வரியிலும், கட்டட மேம்பாட்டுக் கட்டணத்திலும், உயரப்போகும் நில மதிப்பிலும் ஒரு பங்கு கேட்கும். சொத்து வரி என்பது மாநகராட்சியின் உயிர்நாடி. நூலகமும் தீயணைப்பும் குப்பை லாரியும் அதில்தான் ஓடுகின்றன. அதில் ஒரு தனியார் நிறுவனத்துக்குப் பங்கு என்றதும் அந்தரங்கம் பற்றிக் கவலைப்படாதவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த மாதமே 'பிளாக் சைட்வாக்' என்ற பெயரில் மக்கள் இயக்கம் தொடங்கியது. ஏப்ரலில் கனடாவின் குடிமைச் சுதந்திரச் சங்கம் திட்டத்தை ரத்து செய்யக் கோரி நீதிமன்றம் போனது.

2019 ஜூன் 24 அன்று நிறுவனம் தன் முழுத் திட்டத்தை வெளியிட்டது. 1,524 பக்கங்கள். 12 ஏக்கர் இப்போது 190 ஏக்கராகியிருந்தது. 130 கோடி கனடா டாலர் வரை முதலீடு, 2040-க்குள் 44,000 நேரடி வேலைகள், கூகுளின் கனடா தலைமையகத்துக்கு அங்கேயே ஒரு வளாகம் என்று வாக்குறுதிகள் கொட்டிக் கிடந்தன. அந்தக் கோப்பைக் கையில் வாங்கிய அன்றே வாட்டர்ஃபிரன்ட் டொரன்டோவின் புதிய தலைவர் ஸ்டீஃபன் டயமண்ட் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நாங்கள் கேட்டது 12 ஏக்கருக்கு, தகவல் பயன்பாடு பற்றிய யோசனைகளில் இன்னும் தெளிவு வேண்டும் என்பது அதன் சுருக்கம். பழைய நிர்வாகம் எழுதியிருக்க முடியாத கடிதம் அது. இரண்டாண்டுப் போராட்டத்தின் முதல் விளைச்சல் என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 31-க்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாள் 'குளோப் அண்ட் மெயில்' நாளிதழ் இன்னொரு ஆவணத்தை அம்பலமாக்கியது. 2016-இல், டொரன்டோ திட்டத்துக்கு முன்பே, நிறுவனம் தன் கனவு நகரத்துக்காக எழுதிக்கொண்ட உள் கையேடு. நகரத்தில் வரி விதிக்கும் அதிகாரம், பள்ளிகள், காவல் துறை சார்ந்த யோசனைகள், கூடுதலாகத் தகவல் தருபவருக்குக் கூடுதல் சலுகை என்றெல்லாம் அதில் இருந்தன. அது வெறும் ஆரம்பகால யோசனைத் தொகுப்பு, டொரன்டோவுக்கானதல்ல என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் ஒரு கம்பெனி தனக்குள் தனியாகப் பேசிக்கொள்ளும்போது 'நகரம்' என்பதை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது அந்தப் பக்கங்களில் தெரிந்துவிட்டது.

மறுநாள் உடன்பாடு ஏற்பட்டது. பழையபடி 12 ஏக்கர்தான். நிலத்துக்குச் சந்தை விலை. தகவலை மேற்பார்வையிடும் தனி அறக்கட்டளை வேண்டாம். நடப்புச் சட்டத்துக்கும் அரசின் விதிகளுக்கும் கட்டுப்பட வேண்டும். கேட்டதை எல்லாம் விட்டுக்கொடுத்து நிறுவனம் ஏன் கையெழுத்திட்டது என்று அப்போதே சிலர் சந்தேகப்பட்டார்கள். 2020 மே 7 அன்று டாக்டராஃப் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கொரோனாவால் வந்த பொருளாதார நிச்சயமின்மையில் இந்தத் திட்டத்தை லாபகரமாக நடத்த முடியாது, விலகுகிறோம் என்றார். கொரோனா ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 190 ஏக்கரில் பரவி, வரியில் பங்கு வாங்கி, தன் கருவிகளைப் பரிசோதித்து உலகெங்கும் விற்கலாம் என்று போட்ட கணக்கு, 12 ஏக்கரில் சாதாரணக் கட்டட வியாபாரியாக நிற்க வேண்டியபோதே பொய்த்துவிட்டது. கிருமி வந்தது அதற்குப் பிறகுதான்.

இந்தக் கதையைப் பெரும்பாலும் 'மக்கள் வென்றார்கள், கூகுள் ஓடியது' என்று முடிப்பார்கள். அது அவசர முடிவு. நிறுவனங்கள் இல்லாமல் இன்று எந்த நகரமும் தெருவிளக்குகூடப் போட முடியாது. அரசே நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மையல்ல. அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்ததைப் பார்த்தால் தெரியும். 2016-இல் அந்த நகரம் மின்சாரத்தை மிச்சப்படுத்த எல்.இ.டி. தெருவிளக்குகளை வாங்கியது. அவற்றில் சுமார் 3,000 விளக்குகளில் கேமராவும் இருந்தது. போக்குவரத்தையும் வாகன நிறுத்தத்தையும் கணக்கெடுக்கத்தான் என்று சொல்லி வாங்கினார்கள். 2018-இல் ஒரு கொலை வழக்கில் காவல் துறைக்கு அந்தப் படங்கள் உதவின. பிறகு வழக்கத்துக்கு வந்துவிட்டது. மக்களுக்குப் பெரிதாகத் தெரியவந்தது 2019-இல். ஒப்புதல் அளித்த நகர மன்ற உறுப்பினர்கள் சிலருக்கே இப்படியொரு பயன்பாடு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. 2020 செப்டம்பரில் மேயர் அவற்றை முடக்கச் சொன்னார். அப்போதுதான் ஒரு விநோதம் வெளிப்பட்டது: கேமராவை மட்டும் தனியாக அணைக்க வழியில்லை. கேமராவுக்கு மின்சாரத்தை நிறுத்தினால் விளக்கும் அணைந்துவிடும். வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி.

தொழில்நுட்பத்தையே ஒதுக்கிவைத்துவிட்டு ஒப்பந்தத்தை மட்டும் பார்க்க விரும்புபவர்களுக்குச் சிகாகோ. 2008 டிசம்பரில் அந்த மாநகராட்சி தன் 36,000 வாகன நிறுத்த மீட்டர்களை 75 ஆண்டுகளுக்கு ஒரு முதலீட்டாளர் குழுவிடம் குத்தகைக்கு விட்டது. கிடைத்தது சுமார் 115 கோடி டாலர். திட்டத்தை அறிவித்த சில நாட்களிலேயே மன்றம் ஒப்புதல் கொடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு நகரின் கண்காணிப்பு அதிகாரி கணக்குப் போட்டுப் பார்த்து, சுமார் 97 கோடி டாலர் குறைவாக வாங்கிவிட்டீர்கள் என்றார். இன்றும் திருவிழாவுக்கோ சாலைப் பணிக்கோ அந்த மீட்டர் உள்ள தெருவை மூடினால் இழப்பீட்டுக் கணக்கு வந்து நிற்கிறது. குத்தகை முடிவது 2083-இல்.

மாற்று வழி இருக்கிறதா என்றால், பார்சிலோனாவைச் சொல்லலாம். 2015-இல் அடா கொலாவ் மேயரான பிறகு பிரான்செஸ்கா பிரியா என்பவர் அங்கே தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியானார். வோடஃபோனுடனான ஒப்பந்தத்தில் ஒரு விதியைச் சேர்த்தார்கள்: சேவையின்போது நிறுவனம் திரட்டும் தகவலைக் கணினி படிக்கக்கூடிய வடிவில் நகரத்திடம் ஒப்படைக்க வேண்டும். நகரின் சென்சார்களை இணைக்கும் 'சென்டிலோ' மென்பொருள் திறந்த மூலத்தில் உள்ளது. எந்த ஊரும் எடுத்துப் பயன்படுத்தலாம், எந்த ஒரு கம்பெனியிடமும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அங்கேயும் தனியார் நிறுவனங்கள்தான் வேலை செய்கின்றன. ஆனால் டெண்டர் போடும் முன்பே விதி எழுதப்பட்டிருந்தது.

நம் ஊருக்கு வருவோம். மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி இயக்கம் 2015 ஜூன் 25-இல் தொடங்கி, பல முறை நீட்டிக்கப்பட்டு, 2025 மார்ச் 31-இல் முடிந்தது. தேர்வான 100 நகரங்களில் 11 தமிழ்நாட்டில் இருந்தன. 'சீர்மிகு நகரம்' என்று பெயர்ப்பலகை எழுதினோம். தி.நகர் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019-இல் திறக்கப்பட்டது இதில்தான். 100 நகரங்களிலும் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையங்கள் வந்தன. சுவர் நிறையத் திரைகள், கேமரா காட்சிகள், குப்பை வண்டிகளின் நடமாட்டம். கொரோனா காலத்தில் பல ஊர்களில் அவையே கட்டுப்பாட்டு அறைகளாக மாறி உண்மையிலேயே கைகொடுத்தன.

டொரன்டோவில் ஒரு கம்பெனி வாசலுக்கு வந்து அதிகாரம் கேட்டது. இங்கே கதை வேறு மாதிரி. இயக்கத்தின் வழிகாட்டு நெறிகளே ஒவ்வொரு நகரமும் கம்பெனிச் சட்டத்தின் கீழ் ஒரு சிறப்பு நிறுவனத்தைத் தொடங்க வேண்டும் என்றன. மாநில அரசுக்கும் உள்ளாட்சிக்கும் சம பங்கு. இந்தத் திட்டத்தைப் பொறுத்தவரை மன்றத்தின் அதிகாரங்களை அந்த நிறுவனத்துக்கு மாற்றித்தர மாநிலங்கள் ஊக்குவிக்கப்பட்டன. டெண்டரும் ஒப்பந்தமும் ஒரு கம்பெனியின் இயக்குநர் குழுக் கூட்டத்தில் முடிவாகும். மாமன்றத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கும் உறுப்பினருக்கு அங்கே இடமில்லை.

தமிழ்நாட்டில் அப்போது கேள்வி கேட்க உறுப்பினரே இருக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2011-இல் தேர்வான நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேல் தனி அலுவலர்கள்தான் மாநகராட்சிகளை நடத்தினார்கள். சீர்மிகு நகரத் திட்டங்களில் பெரும்பகுதி திட்டமிடப்பட்டதும் ஒப்பந்தம் விடப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். டொரன்டோக்காரர்கள் இரண்டரை ஆண்டு தெருவிலும் மன்றத்திலும் நீதிமன்றத்திலும் சண்டை போட்டார்கள். நம் ஊரில் சண்டை போடுவதற்கான மன்றமே பூட்டிக் கிடந்தது. தொழில்நுட்பம் பற்றி நம் பத்திரிகைகளில் நடந்த விவாதங்களில் இந்த விஷயம் அதிகம் பேசப்படாதது ஆச்சரியம்தான்.

கேமரா எடுத்த படத்துக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டால், 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டுவார்கள். அதில் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மத்திய அரசு தன் கையில் வைத்திருக்கிறது. கம்பத்தில் தொங்கும் கேமராவை நடத்துவது தனியார், வாங்கியது அரசு நிறுவனம், பார்ப்பது காவல் துறை என்று மூவர் கைமாறும் இடத்தில் அந்த விலக்கு எவ்வளவு தூரம் நீளும் என்பது எளிய கேள்வியல்ல.

கீசைடில் இப்போது என்ன நடக்கிறது? 2022 பிப்ரவரியில் வாட்டர்ஃபிரன்ட் டொரன்டோ ட்ரீம், கிரேட் கல்ஃப் என்ற இரண்டு கனடியக் கட்டுமான நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தது. எண்ணூறுக்கும் மேற்பட்ட குறைந்த விலை வீடுகள், இரண்டு ஏக்கர் காடு, மரக்கட்டடம் என்று அறிவிப்பு சொன்னது. சென்சார் பற்றிய ஆரவாரம் ஏதுமில்லை. முன்பு ஆசைகாட்டப்பட்ட நல்ல விஷயங்களில் பல கூகுளின் துணையில்லாமலேயே செய்யக்கூடியவைதான் என்பது இதிலிருந்து தெரிகிறது. சைட்வாக் லேப்ஸை ஆல்ஃபபெட் 2021 இறுதியில் கூகுளுக்குள் கலைத்துச் சேர்த்துவிட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு என்ன செய்யலாம் என்று கேட்கும் வாசகர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருமுனையில் கேமராவோடு ஒரு புதுக் கம்பம் நடப்பட்டால், வார்டு உறுப்பினரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். இதை நடத்துவது எந்த நிறுவனம், ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, படம் எத்தனை நாள் எங்கே இருக்கும், ஒப்பந்தம் முடிந்ததும் தகவல் யாருக்குச் சொந்தம். அவருக்கே தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் கேட்டால்தான் அவரும் கேட்பார். பதில் வராவிட்டால் ஒப்பந்த நகலைக் கேட்டு, உங்கள் ஊரின் ஸ்மார்ட் சிட்டி நிறுவனத்துக்கே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடுங்கள். அரசுப் பணத்தில் நடக்கும் அந்த நிறுவனமும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான். வணிக ரகசியம் என்று சொல்லி மறுக்கப் பார்ப்பார்கள். பொதுநலன் பெரிதானால் அதையும் வெளியிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 8-ஆவது பிரிவில் இருக்கிறது, மேல்முறையீட்டில் அதைச் சுட்டிக்காட்டுங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். பதில் தரக் கெடு 30 நாள்.